தண்ணி ஒத்துக்கல

எங்கள் பக்கம் யாருக்கு என்ன வியாதி வந்தாலும் முதலில் மாட்டுவது தண்ணீர்தான். முடி கொட்டினால் தண்ணி, முட்டி வலித்தால் தண்ணி, கைக்குழந்தை ராத்திரி தூங்காமல் அழுதாலும் தண்ணி. தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு, அதை மறுக்க முடியாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம். என் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் பாதிப் பேர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்போம், பல்லில் அந்தப் பழுப்புக் கறை. ஆகவே எனக்கு வயிறு கெட்டு உடம்பு கரைந்துகொண்டே போன அந்த ஐந்து வருஷமும் வீட்டில், தெருவில், ஹாஸ்டலில், ஏன் இரண்டு மூன்று கிளினிக்கிலும்கூட, கேட்ட வசனம் ஒன்றேதான்: "ஓசூர் தண்ணி ஒத்துக்கல."

யாராவது ஒருத்தர் "நீ என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஊர் பாலக்கோடு பக்கம். 2017இல் ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்தது, அங்கேயே லேடீஸ் ஹாஸ்டல். அதுவரைக்கும் எனக்குச் சப்பாத்தி என்பது எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பரோட்டா என்பது அப்பா தக்காளி மண்டியில் நல்ல விலை வாங்கிக்கொண்டு வருகிற நாள். வீட்டில் களி, சோறு, இட்லி, இவ்வளவுதான். ஹாஸ்டலில் ராத்திரி தினமும் சப்பாத்தி, காலையில் மூன்று நாள் ரவா உப்புமா, ஒரு நாள் பூரி, ஒரு நாள் பிரெட். கம்பெனி கேண்டீனில் மதியம் சோற்றோடு இரண்டு சப்பாத்தி. "டயட்டுக்கு நல்லது" என்று நானே சோற்றைக் குறைத்துச் சப்பாத்தியைக் கூட்டிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆறேழு மாதத்தில் ஆரம்பித்தது. கொஞ்சம் வெளிப்படையாக எழுதுகிறேன், முகம் சுளிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், ஆனால் நான் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததுதான் அந்த வருஷங்களில் பாதியைத் தின்றது. பேதி என்றால் தண்ணீராகப் போவது என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. எனக்கு அப்படி இல்லை. வெளுப்பாக, களிம்பு மாதிரி, எண்ணெய்ப் பிசுக்கோடு, மிதக்கும், இரண்டு பக்கெட் ஊற்றினாலும் போகாது, நாற்றம் வேறு. ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம் இருக்கிற ஹாஸ்டலில் இது எவ்வளவு பெரிய அவமானம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலை நாலரைக்கே எழுந்து போய்விட்டு வந்து படுத்துக்கொள்வேன். உணவில் இருக்கிற கொழுப்பு உடம்புக்குள் போகாமல் அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தமாம். இது பின்னால் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வாயில் புண். சாயங்காலமானால் வயிறு டிரம் மாதிரி. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இடுப்பெலும்பில் வலி. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் நின்றே போனது. 52 கிலோ 41 ஆனது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.1.

ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றுக்குப் பூச்சி மாத்திரை, கேஸ் மாத்திரை, அப்புறம் "டென்ஷன், வேலையைக் குறைச்சுக்கோங்க". எலும்பு வலிக்குப் போன இடத்தில் ஊர் எது என்று கேட்டார், சொன்னேன், ஃப்ளோரைடு என்று எழுதிவிட்டார், பல்லைக்கூட ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். எடை குறைந்ததற்குக் குடல் காசநோயாக இருக்குமோ என்று ஸ்கேன் வரைக்கும் போனது, அதில் ஒன்றும் இல்லை. ரத்தசோகைதான் எல்லோருக்கும் சாதாரணம். "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான்மா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு." 7.1 என்பது வெறும் கம்மி இல்லை ஐயா, அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று மாடி ஏறி ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் போட்டேன். 7.4 ஆனது. "நீ ஒழுங்கா போடல" என்றார்கள்.

வீட்டில் அதற்குள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன், சிரிக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2020 மார்ச், லாக்டவுன். ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், ராயக்கோட்டை வழியாகக் கடைசியாக ஓடிய பஸ்களில் ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். நாலு மாதம் வீட்டில். கடை கண்ணி கிடையாது, பேக்கரி கிடையாது, இருந்ததெல்லாம் சொந்தக் காட்டில் விளைந்த ராகியும் ரேஷன் அரிசியும். மதியம் தவறாமல் களி. ஆயா அடுப்படியில் உட்கார்ந்து, பானையை இரண்டு காலாலும் கவட்டை போட்ட கட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டுவாள். மாவு கட்டி தட்டாமல் வெந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் தட்டில் கவிழ்த்து உருட்டி, நடுவில் குழி பண்ணி, அதில் கீரைக் கடைசலோ மொச்சைக் குழம்போ. நாலு மாதத்தில் ஐந்து கிலோ ஏறினேன். வாய்ப்புண் போனது. மாதவிலக்கு வந்தது. பாத்ரூம் விஷயமும் மனுஷர்களுக்குப் போல ஆனது. ஆயாவுக்குப் பெருமை தாங்கவில்லை, "நம்மூர்த் தண்ணி கண்ணு" என்றாள். பாருங்கள், நோய்க்கும் தண்ணிதான், சுகத்துக்கும் தண்ணிதான்.

அந்த நாலு மாதம் முடிந்ததும் ஓசூர் திரும்பினேன். மூன்றே மாதத்தில் பழையபடி.

இதை எழுதுகிறபோது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஏனென்றால் இதே சோதனை உலகத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது, அதை வைத்துத்தான், எனக்கு இருப்பதாகப் பின்னால் தெரிந்த சீலியாக் என்ற இந்தக் குடல் நோயின் காரணத்தையே உறுதி செய்தார்கள். வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1930களிலிருந்தே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், போரால் நாடே பஞ்சத்தில் கிடந்தபோது, ரொட்டி கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் எல்லாம் வாடிப்போக, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தன. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். அவருக்குப் பஞ்சம் காட்டியதை எனக்கு லாக்டவுன் காட்டியது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்த்தவர் தருமபுரி டவுனில் இருக்கிற ஒரு வயசான டாக்டர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, பழைய ஃபேன். 2021 கடைசியில் அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். நான் ஃபைலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார், ஆனால் திறக்கவில்லை. "கையைக் காட்டும்மா" என்றார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மேஜை மேல் இருந்த டம்ளரில் தன் விரலை நனைத்து, என் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு வழியவில்லை. நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி இருந்தது, அந்தக் குழியில் சொட்டு அப்படியே நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். தினமும் பார்க்கிற என் நகத்தை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது பல மாசத்து இரும்புக் குறைச்சல்" என்று சொல்லிவிட்டுத்தான் ஃபைலைத் திறந்தார். தேதி வாரியாக அடுக்கி, ஒரு வெள்ளைத் தாளில் ஹீமோகுளோபினை மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். 7.1. மாத்திரைக்குப் பின் 7.4. நடுவில் ஒருமுறை மயங்கி விழுந்து, நரம்பில் இரும்பு ஊசி ஏற்றியிருந்தார்கள், அதற்குப் பின் 10.8. லாக்டவுன் முடிந்தபோது 11.2. இப்போது 7.6. தாளை அப்பா பக்கம் திருப்பினார்.

"மாத்திரையில கொடுத்தா ஏறல. ஊசியில கொடுத்தா ஏறுது. அப்ப இரும்பை வச்சு ரத்தம் பண்றதுக்கு உடம்புக்குத் தெரியும். கொடுத்த இரும்பு உள்ள போகல. வாசல்ல கோளாறு."

நாலு வருஷத்து ஃபைலுக்கு மூன்று வரி.

அந்த வாசல் எங்கே என்றும் சொன்னார். இரைப்பையை ஒட்டிச் சிறுகுடல் தொடங்குகிற இடம், டியோடினம். இரும்புச்சத்து பெரும்பாலும் அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பெயர் லத்தீனில் பன்னிரண்டு என்ற சொல்லிலிருந்து வந்தது, பன்னிரண்டு விரற்கடை நீளம் என்பதால். நம் கணக்கில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். ஒரு சாண் வயிறு என்று நம் ஆட்கள் பாடியது இதைத்தானோ என்று எனக்கு அப்போது தோன்றியது, டாக்டரிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் கேட்டார். "ஓசூர்ல என்னம்மா சாப்பாடு? வீட்டுல என்ன?" சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நோய் மேல் சந்தேகம் என்றார். ஒன்று டிராபிகல் ஸ்ப்ரூ. நம் மாதிரி வெப்ப நாடுகளில் வருவது, ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கிராமம் கிராமமாகவே வந்திருக்கிறது. 1960களில் வடஆற்காடு கிராமங்களில் பரவியபோது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். இன்னொன்று சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் வந்தாலே, உடம்பின் எதிர்ப்புசக்தி சொந்தக் குடல் சுவரையே அரித்துவிடும். அலர்ஜி வேறு, இது வேறு. இரண்டு நோயிலும் அறிகுறி ஏறக்குறைய ஒன்று, வைத்தியம்தான் எதிரும் புதிரும். ஸ்ப்ரூ என்றால் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சில மாதம் போட்டால் தேறிவிடலாம். சீலியாக் என்றால் மாத்திரையே கிடையாது, ஆயுசுக்கும் கோதுமையை விட வேண்டும். ஆகவே குத்துமதிப்பாக ஆரம்பிக்கக் கூடாது, இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும்.

"சீலியாக் வடநாட்டு வியாதியாச்சே சார்?" என்று அப்பா கேட்டார். ஏற்கெனவே ஒரு ஸ்பெஷலிஸ்ட் அப்படிச் சொல்லித்தான் அந்த டெஸ்டையே எழுதாமல் விட்டிருந்தார். பின்னால் நான் தேடிப் படித்தேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் சோதித்தது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. அதாவது நம்மிடம் ஆயிரத்தில் ஒருவர். அதோடு நிறுத்தினால் வடநாட்டு வியாதிதான். ஆனால் அதே ஆய்வில், இந்த நோய் வர இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38 சதவீதம் பேருக்கு இருந்தது என்றால் தெற்கே 36 சதவீதம் பேருக்கு இருக்கிறது. கோதுமையோ, அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 455 கிராம், இங்கே 25 கிராம். மருந்து மருத்துவமெல்லாம் தெரியாத எனக்கே இந்தக் கணக்கு புரிகிறது. 25 கிராம் ஊரிலிருந்து கிளம்பி ஹாஸ்டல் சாப்பாட்டில் விழுந்தவள் நான். ஆயிரத்தில் ஒருவர் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமா? இந்த மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர்!

இதற்குப் பிறகு ஒரு பெரிய தப்பு நடந்தது, செய்தது நான். ரத்தப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது கொரோனா அலை, லீவு கிடைக்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் யூடியூப் பார்த்து நானே கோதுமையை விட்டுவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் ஆனது. ஐந்து மாதம் கழித்துப் போய் ரத்தம் கொடுத்தால், இந்த நோய் இருந்தால் ரத்தத்தில் கூடுகிற டிடிஜி என்கிற எதிரணுவின் (ஆன்டிபாடி) அளவு எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, இருக்கு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அங்கிருந்த குடல் மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இந்த டெஸ்டும் சரி, குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியும் சரி, உண்மையைச் சொல்லும். விட்டுவிட்டால் எதிரணு இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். இதை மட்டும் யாராவது சந்தேகத்தோடு படிக்கிறீர்கள் என்றால் பிடித்துக்கொள்ளுங்கள்: டெஸ்ட் முடியும் வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள். இன்னொன்றும் உண்டு, ஐஜிஏ என்ற எதிரணு வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யாக நார்மல் என்று வரும்.

சரி, எனக்கு என்ன தண்டனை தெரியுமா? எட்டு வாரம் தினமும் கோதுமை சாப்பிட வேண்டும், குறைந்தது இரண்டு துண்டு பிரெட் அளவுக்கு. பிரெட் எனக்குப் பிடிக்காது. பரோட்டா சாப்பிடலாமா என்றேன், தாராளமாக என்றார். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துப் பரோட்டா சாப்பிட்டவள் ஓசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை, மாஸ்டர் மாவை வீசி விரித்து, சுருட்டி, கல்லில் போட்டு, சுட்டதும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார், அடுக்கடுக்காகப் பிரியும். முதல் வாரம் ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் அந்த அடிக்கிற சத்தத்தைக் கேட்டாலே வயிறு புரண்டது. ஆறாவது வாரம் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் மறையவில்லை. மாஸ்டர் ஒருநாள், "என்ன பாப்பா, அழுதுக்கிட்டே சாப்பிடுற, காரமா?" என்றார். ஆமாண்ணா என்றேன்.

எட்டாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். 20க்குள் இருக்க வேண்டியது 200க்கு மேல்.

எண்டோஸ்கோபிக்கு எல்லோரும் பயமுறுத்தினார்கள், தொண்டையில் மரத்துப்போகிற ஸ்பிரே அடித்து, பத்து நிமிஷத்தில் முடிந்தது. அந்த ஒரு சாணிலிருந்து ஆறு துணுக்குகள் எடுத்தார்கள். ஒன்று போதாதா என்று கேட்டேன். பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும், ஒன்று மட்டும் எடுத்து அது நல்ல இடமாகப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான் என்றார். ரிப்போர்ட்டில் மார்ஷ் 3பி என்று இருந்தது, குடல் எவ்வளவு அரிபட்டிருக்கிறது என்று சொல்கிற படிநிலை அது. சிறுகுடலின் உள்சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் விரல் விரலாக லட்சக்கணக்கில் நிற்பவை, குடலுறிஞ்சிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவைதான் சத்தை இழுப்பவை. படத்தைக் காட்டினார். நல்ல குடல் ராகி நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக நிற்கிறது. என்னுடையது ஆடு மேய்ந்துவிட்டுப் போன காடு. படம் மட்டும் போதாது, ஸ்ப்ரூவிலும் இப்படித்தான் மேய்ந்திருக்கும். படமும் 200ஐத் தாண்டிய எதிரணுவும் சேர்ந்துதான் சீலியாக் என்று முடிவு செய்தது. கோதுமையை விட்ட பின் தேறுவது கடைசிச் சாட்சி. 2022 ஆகஸ்டில் விட்டேன், இப்போது 54 கிலோ, நகம் மேடாக இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, "கோதுமைதானே, விட்டுடலாம், காலையில ரவா உப்புமா பண்ணித் தரேன்" என்றாள். ரவையும் கோதுமைதான் அம்மா. சேமியா? அதுவும். மைதா? அதுவும்தான். பிள்ளை இளைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் வாங்கிவந்து அடுக்கிய சத்து பானம் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் கோதுமையும் பார்லி மால்ட்டும். கால் வீங்கினபோதெல்லாம் அம்மா காய்ச்சிக் கொடுத்தது பார்லித் தண்ணி. அதற்கு மேல் ஓர் இடி, கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அம்மா டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இத்தனை நாளா ரசத்துல நானே போட்டேனா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ராகி, சாமை, தினை, அரிசி, சோளம் எல்லாம் எனக்கு ஆகும். வேறு எங்கேயாவது பிறந்திருந்தால் க்ளூட்டன் இல்லாத ரொட்டி என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி ஓட்டாண்டி ஆகியிருப்பேன். 2023லிருந்து தருமபுரி மாவட்ட ரேஷன் கடையிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிறார்கள். என் மருந்து ரேஷனில் வருகிறது. சிக்கல் மாவு மில்லில். ஒருத்தர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே மிஷினில் அடுத்து என் ராகியைக் கொட்டினால் முதல் படி மாவு பாதி கோதுமை. ஆரம்பத்தில் இது தெரியாமல், எல்லாம் விட்டும் ஏன் வயிறு உப்புகிறது என்று இரண்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது மில்காரர் அண்ணனிடம் சொல்லிவைத்து, மிஷினைக் கழுவிய மறுநாள் முதல் ஆளாக நிற்கிறேன், அவரும் ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டுத்தான் என் ராகியைப் போடுகிறார். ஆயா பரணிலிருந்து திருகையை இறக்கினாள், ஒருநாள் அரைத்துப் பார்த்தேன், தோள்பட்டை கழன்றது, மறுபடி ஏற்றிவிட்டோம்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இந்த நோய் இருக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு, தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று குடல் மருத்துவர் சொல்லியனுப்பினார். அம்மா அப்பா இருவருக்கும் நார்மல். தம்பி கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருக்கிறான், இரண்டு வருஷமாக இன்றைக்கு நாளைக்கு என்கிறான். போன வாரம் வந்திருந்தான். கன்னம் ஒட்டியிருக்கிறது, சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்கிறான், வாயைத் திற என்றால் உள் உதட்டில் இரண்டு புண். என்னடா இது என்றேன்.

"ஃபேக்டரி தண்ணி ஒத்துக்கலக்கா."